கடவுச்சொல் விதிகளும் சோதிக்கப்படாத நம்பிக்கைகளும்

கணினிப் பாதுகாப்பின் பெயரால் மக்களுக்குச் சொல்லப்படும் அறிவுரைகளுள் எவை அளந்து பார்த்துச் சொல்லப்பட்டவை, எவை அனுமானத்தில் பிறந்து பழக்கத்தால் சட்டமாக இறுகியவை என்ற கேள்வி அத்துறையில் மிகவும் காலந்தாழ்ந்தே எழுந்தது. அக்கேள்வியை ஆராயக் கடவுச்சொல்லைப் போலப் பொருத்தமான எடுத்துக்காட்டு வேறொன்று கிடைப்பது அரிது. எட்டு எழுத்துகளுக்குக் குறையக் கூடாது, ஆங்கிலப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் கலந்திருக்க வேண்டும், இலக்கம் ஒன்றும் குறியீடு ஒன்றும் சேர்ந்திருக்க வேண்டும், 90 நாள்களுக்கு ஒரு முறை மாற்றிவிட வேண்டும் என்ற விதிகளுக்கு அலுவலகங்களிலும் வங்கிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் கோடிக்கணக்கானோர் நெடுங்காலமாகக் கட்டுப்பட்டு வந்திருக்கின்றனர். இவ்விதிகள் உண்மையில் திருட்டைத் தடுக்கின்றனவா என்று ஆய்வாளர்கள் பொறுமையாகச் சோதித்தபோது, நீளத்தைப் பற்றிய விதி தவிர ஏனையவை எதிர்பார்த்த பயனைத் தரவில்லை என்பது தெரியவந்தது; அவற்றுள் ஒன்றிரண்டு பாதுகாப்பைக் குறைக்கவும் செய்தன.

கணினியில் கடவுச்சொல்லின் வரலாறு 1960களின் தொடக்கத்தில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் ஃபெர்னாண்டோ கோர்பாட்டோவின் தலைமையில் உருவான சி.டி.எஸ்.எஸ். அமைப்பிலிருந்து தொடங்குகிறது. ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பகிர்ந்து பயன்படுத்த வகைசெய்த அவ்வமைப்பில், ஒருவருடைய கோப்புகளை மற்றவர் காணாதபடி பிரித்துவைக்கவே கடவுச்சொல் சேர்க்கப்பட்டது. அக்கடவுச்சொற்கள் அனைத்தும் ஒரே கோப்பில், எவ்வித மறைப்புமின்றி, எழுதியபடியே வைக்கப்பட்டிருந்தன. 1962இல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தமக்கு ஒதுக்கப்பட்ட கணினி நேரம் போதாமல், அந்தக் கோப்பை அச்சிடுமாறு கணினிக்கே கட்டளையிட்டுப் பெற்றுக்கொண்டார். 1966இல் நிர்வாகிகள் இருவர் ஒரே வேளையில் இரு கோப்புகளைத் திருத்தியபோது அவை இடம் மாறிப்போனதால், உள்ளே நுழைந்த ஒவ்வொருவருக்கும் அன்றைய அறிவிப்புக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் முனையத்தில் காட்டப்பட்டன. இவ்விரு நிகழ்வுகளிலும் கடவுச்சொல்லின் நீளமோ கலவையோ எந்த வேறுபாட்டையும் செய்திருக்காது என்பது கருதத்தக்கது. எழுத்து எவ்வளவு கடினமானதாக இருந்தாலும் அச்சுத்தாளில் அது தெளிவாகவே தெரியும். பிழை இருந்தது சேமிப்பு முறையில்தான், பயனரிடம் அன்று.

சேமிப்பு முறையின் பிழைக்கு விடையும் விரைவிலேயே கிடைத்தது. கேம்பிரிட்ஜில் ரோஜர் நீடமும் அவருடன் பணியாற்றியோரும், கடவுச்சொல்லை அப்படியே வைக்காமல் அதை ஒருவழிச் சார்பு ஒன்றின் வழியே செலுத்திக் கிடைக்கும் விளைவை மட்டும் சேமிக்கும் முறையை அதே பத்தாண்டில் உருவாக்கினர். ஒருவழிச் சார்பு என்பது முன்னோக்கிக் கணிக்க எளிதாகவும், விளைவிலிருந்து மூலத்தை மீட்க நடைமுறையில் இயலாததாகவும் அமைந்த கணிதச் செயல். 1979இல் பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த ராபர்ட் மோரிசும் கென் தாம்சனும் யூனிக்ஸ் அமைப்பின் பட்டறிவை விளக்கி எழுதிய கட்டுரை இம்முறையை மேலும் செம்மைப்படுத்தியது. ஒவ்வொரு கடவுச்சொல்லுடனும் தற்செயலாகத் தெரிவுசெய்த சிறு எண் ஒன்றைக் கலந்து கணித்தால், ஒரே கடவுச்சொல்லை இருவர் வைத்திருந்தாலும் சேமிக்கப்படும் விளைவு வெவ்வேறாக இருக்கும். கோப்பைத் திருடியவர் ஒவ்வொரு கணக்கையும் தனித்தனியே உடைக்க வேண்டியிருக்கும். உப்பு என்று இத்துறையினர் பெயரிட்ட இவ்வெண் இன்றும் நல்ல சேமிப்பு முறைகள் அனைத்திலும் இடம்பெறுகிறது.

அதே கட்டுரையில்தான் கடவுச்சொற்களைப் பற்றிய தொடக்ககால அளவீடு ஒன்றும் வெளிவந்தது. பயனர்களிடமிருந்து திரட்டிய 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்த மோரிசும் தாம்சனும், 2,831 சொற்கள், அதாவது 86 விழுக்காடு, மிகவும் குட்டையானவையாகவோ, சிறிய எழுத்துகள் மட்டுமே கொண்டவையாகவோ, அகராதியிலும் பெயர்ப் பட்டியல்களிலும் எளிதில் அகப்படுபவையாகவோ இருப்பதைக் கண்டனர். மனிதர் தாமாகத் தெரிவுசெய்யும் கடவுச்சொல் பலவீனமானது என்ற முடிவு இந்த அளவீட்டிலிருந்து நேராகப் பெறப்படுவது. அதில் குறைகாண ஒன்றுமில்லை. வழி பிசகியது அடுத்த அடியில்தான். மக்கள் சிறிய எழுத்துகளை மட்டும் எழுதுகின்றனர் என்றால் பெரிய எழுத்தையும் இலக்கத்தையும் குறியீட்டையும் எழுதச் சொல்லிக் கட்டாயப்படுத்தினால் போதும், கடவுச்சொல் வலுவாகிவிடும் என்று துறை கருதிக்கொண்டது. கட்டாயப்படுத்தப்பட்டவர்கள் உண்மையில் எதை எழுதுவார்கள் என்பதை அப்போது எவரும் அளக்கவில்லை.

இக்கருத்துக்குப் பின்னால் இருந்த கணக்கு, பார்வைக்கு மறுக்க முடியாதது. ஆங்கிலச் சிறிய எழுத்துகள் 26ஐ மட்டும் கொண்டு எட்டு இடங்களை நிரப்பினால் ஏறத்தாழ 20,900 கோடிச் சேர்க்கைகள் கிடைக்கும். விசைப்பலகையில் உள்ள 94 எழுத்து, இலக்கம், குறியீடுகளையும் பயன்படுத்தினால் அது ஏறத்தாழ 61 கோடி கோடியாக, அதாவது 29,000 மடங்குக்கு மேலாக, உயர்கிறது. ஆனால் இவ்வுயர்வு உண்மையாக வேண்டுமாயின், எட்டு இடங்களில் ஒவ்வொன்றிலும் எந்தக் குறி வரும் என்பது முழுக்கத் தற்செயலாக அமைய வேண்டும். மனித மனம் அவ்வாறு தெரிவுசெய்வதில்லை. பெரிய எழுத்து கேட்கப்பட்டால் அது முதலிடத்தில் வைக்கப்படுகிறது. இலக்கம் கேட்கப்பட்டால் இறுதியில் 1 சேர்க்கப்படுகிறது. குறியீடு கேட்கப்பட்டால் அதற்கும் பின்னால் ஒரு வியப்புக்குறி இடப்படுகிறது, அல்லது எஸ் என்ற எழுத்து டாலர் குறியாகிறது. இப்பழக்கங்களை அறிந்த திருடர் 61 கோடி கோடிச் சேர்க்கைகளையும் முயலத் தேவையில்லை. அகராதிச் சொற்களை எடுத்து, இந்தச் சில மாற்றங்களை மட்டும் செய்து பார்த்தால் போதும்.

கணக்குக்கும் மனத்துக்கும் இடையே உள்ள இந்த இடைவெளி, அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2004இல் வெளியிட்ட வழிகாட்டி ஆவணத்தின் பிற்சேர்க்கையில் தெளிவாகப் புலப்படுகிறது. அந்நிறுவனத்தில் பணியாற்றிய பில் பர் எழுதிய அப்பகுதி, கடவுச்சொல்லின் வலுவை எண்ட்ரோபி என்ற அளவால் கணித்தது. தகவல் கோட்பாட்டில் எண்ட்ரோபி எனப்படுவது, அடுத்து வரப்போவதை முன்கூட்டிச் சொல்ல இயலாமையின் அளவு. அது பிட் என்ற அலகில் சொல்லப்படும், ஒவ்வொரு பிட் கூடும்போதும் ஊகிக்க வேண்டிய சாத்தியங்கள் இரு மடங்காகும். கிளாட் ஷானன் 1951இல் ஆங்கில உரைநடையில் அடுத்த எழுத்தை மனிதர் எவ்வளவு சரியாக ஊகிக்கின்றனர் என்று ஆராய்ந்து பெற்ற மதிப்புகளை அடிப்படையாகக் கொண்டு, முதல் எழுத்துக்கு 4 பிட், அடுத்த ஏழு எழுத்துகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 2 பிட் என்று பிற்சேர்க்கை மதிப்பிட்டது. எட்டு எழுத்துக் கடவுச்சொல்லுக்கு இவ்வாறு 18 பிட் கிடைத்தது. பெரிய எழுத்தும் எழுத்தல்லாத குறிகளும் கட்டாயமாக்கப்பட்டால் அதற்கு மேலும் 6 பிட் வழங்கப்பட்டது. அதாவது அவ்விதி கடவுச்சொல்லை 64 மடங்கு வலுவாக்குவதாகக் கொள்ளப்பட்டது.

அந்த 6 பிட் எந்தச் சோதனையிலிருந்தும் வந்ததன்று. ஷானன் ஆராய்ந்தது தொடர்ந்து எழுதப்பட்ட உரைநடையை; கடவுச்சொல் உரைநடையன்று. இம்மதிப்பீடு தோராயமானது என்று அந்த ஆவணமே ஒப்புக்கொண்டிருந்தது. எனினும், அரசு நிறுவனமொன்றின் முத்திரையோடு வெளிவந்த எண்கள் தம்முடன் வந்த தயக்கத்தை விரைவில் இழந்துவிடுகின்றன. தணிக்கையாளர்களின் சரிபார்ப்புப் பட்டியல்களுக்குச் சென்றபோது அவை வெறும் கட்டளைகளாகவே சென்றன. பர் ஓய்வுபெற்ற பின், 2017இல், தாம் எழுதியவற்றுள் பெரும்பகுதிக்காக வருந்துவதாகச் செய்தித்தாள் ஒன்றிடம் வெளிப்படையாகக் கூறினார். தம் நிறுவனத்தின் கணினிகளில் பயன்பாட்டிலிருந்த கடவுச்சொற்களை ஆய்வுக்காகப் பார்க்க அவர் அனுமதி கேட்டதும், தனியுரிமை காரணமாக அது மறுக்கப்பட்டதும், வேறு வழியின்றி 1980களின் நடுவில் எழுதப்பட்ட ஆவணம் ஒன்றை அவர் நம்ப வேண்டியிருந்ததும் அப்போது தெரியவந்தன. அவரைக் குறைகூறுவது நியாயமாகாது. தரவு வேண்டும் என்று கேட்டவர் அவர். தரவு இல்லாத நிலையிலும் உடனே விதி வேண்டும் என்று எதிர்பார்த்த சூழலே ஆராயப்பட வேண்டியது.

தரவு இறுதியில் திருட்டின் மூலமாகவே கிடைத்தது. 2009 டிசம்பரில் ராக்யூ என்ற இணைய நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 இலட்சம் கடவுச்சொற்கள் களவாடப்பட்டு வெளியாயின. அந்நிறுவனம் அவற்றை ஒருவழிச் சார்பின் வழியே செலுத்தாமல் எழுதியபடியே வைத்திருந்தது, சி.டி.எஸ்.எஸ். செய்த அதே பிழை, நாற்பத்தைந்து ஆண்டுகளுக்கும் மேலாகியும், விடை நன்கு தெரிந்திருந்த காலத்தில், திரும்பவும் செய்யப்பட்டிருந்தது. வெளியான பட்டியலில் 123456 என்ற கடவுச்சொல்லை மட்டும் ஏறத்தாழ 2,90,000 பேர் வைத்திருந்தனர். அடுத்த ஆண்டிலேயே மாட் வீரும் அவருடன் ஆய்ந்தோரும், இவ்வாறு வெளியான பெருந்தொகுப்புகளைத் தாமே உடைத்துப் பார்த்து, 2004ஆம் ஆண்டு ஆவணத்தின் எண்ட்ரோபிக் கணக்கு கடவுச்சொல்லின் உண்மையான வலுவைக் காட்டுவதில்லை என்று நிறுவினர். கலவை விதிக்கு உட்பட்ட கடவுச்சொற்களிலும் கணிசமான பகுதி, மக்களின் பழக்கங்களைப் பின்பற்றிய முதற்கட்ட ஊகங்களிலேயே விழுந்தது.

குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை கடவுச்சொல்லை மாற்றும் விதிக்கு வேர் இன்னும் பழையது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறை 1985இல் வெளியிட்ட கடவுச்சொல் மேலாண்மை வழிகாட்டி, தொலைபேசிக் கம்பி வழியாக மெதுவாக இணைந்த முனையங்களிலிருந்து ஒருவர் ஒன்றன்பின் ஒன்றாக ஊகித்துப் பார்ப்பதை எண்ணி, ஊகிக்கும் வேகத்தையும் கடவுச்சொல்லின் ஆயுளையும் பெருக்கிச் சாத்தியங்களின் எண்ணிக்கையால் வகுக்கும் வாய்பாடு ஒன்றைத் தந்தது; ஆயுள் ஓராண்டுக்கு மேற்படக் கூடாது என்றது. பின்னாளில் அது பல இடங்களில் 90 நாள்களாகச் சுருங்கியது. கோப்பையே களவாடி நொடிக்குப் பல கோடி முறை முயல்கிற திருடரை அந்த வாய்பாடு கருதியிருக்கவில்லை.

இவ்விதியின் பயனைக் கணிதத்தாலேயே எடைபோடலாம். கடவுச்சொல்லை ஒருபோதும் மாற்றாதபோது, எல்லாச் சாத்தியங்களையும் வரிசையாக முயலும் திருடர் பட்டியலை முடிப்பதற்குள் உறுதியாக வெல்வார். அவரது ஒவ்வொரு முயற்சிக்குப் பின்னும் கடவுச்சொல் புதிதாக, தற்செயலாக மாற்றப்படுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அதே எண்ணிக்கையிலான முயற்சிகளில் அவர் வெல்லும் வாய்ப்பு 63 விழுக்காட்டுக்குக் குறைவதில்லை. எந்த மனிதராலும் பின்பற்ற இயலாத வேகத்தில் மாற்றினாலும் கிடைக்கும் ஆதாயம் அவ்வளவே. கனடாவின் கார்ல்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சோனியா சியாசனும் பால் வான் ஊர்ஷாட்டும் 2015இல் இதை விரிவாகக் கணித்து, கட்டாய மாற்றத்தால் வரும் நன்மை மிகச் சிறியது என்று காட்டினர்.

மேற்கண்ட கணக்கோ புதிய கடவுச்சொல் பழையதோடு எவ்விதத் தொடர்பும் அற்றது என்று கொள்கிறது. நடைமுறை அவ்வாறில்லை. வட கரோலைனா பல்கலைக்கழகத்தில் மூன்று மாதங்களுக்கு ஒரு முறை மாற்றும் விதிக்கு உட்பட்டிருந்த பழைய கணக்குகளை யின்சியன் சாங், ஃபேபியன் மான்ரோஸ், மைக்கேல் ரைட்டர் ஆகியோர் 2010இல் ஆராய்ந்தனர். ஏறத்தாழ 7,700 கணக்குகளில், ஒருவருடைய முந்தைய கடவுச்சொல் தெரிந்திருந்தால் அடுத்ததை ஊகிக்க முடியுமா என்று சோதித்ததில், 17 விழுக்காட்டுக் கணக்குகளில் ஐந்து முயற்சிகளுக்குள்ளாகவே விடை கிடைத்தது. களவாடப்பட்ட கோப்பு கையில் இருப்பதாகக் கொண்டால் 41 விழுக்காட்டுக் கணக்குகளில் சில நொடிகளில் கிடைத்தது. இறுதியிலுள்ள 1 அடுத்த முறை 2 ஆகிறது, குறியீடு ஓரிடம் தள்ளிவைக்கப்படுகிறது என்பதே காரணம். அடிக்கடி மாற்ற வேண்டும் என்று அறிந்தவர் தொடக்கத்திலேயே மாற்றுவதற்கு எளிதான கடவுச்சொல்லைத் தெரிவுசெய்துகொள்கிறார். அந்த எளிமை திருடருக்கும் பயன்படுகிறது.

இவ்வளவு பலவீனமான விதிகள் ஏன் இவ்வளவு காலம் நிலைத்தன என்பது கடவுச்சொல்லைவிடப் பெரிய கேள்வி. அறிவியலின் இயல்பைப் பற்றிய கேள்வியும் அதுவே. மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தின் கார்மாக் ஹெர்லி 2016இல் எழுதிய கட்டுரை அதற்குத் தெளிவான விடை தருகிறது. கார்ல் பாப்பர் 1934இல் முன்வைத்த அளவுகோலின்படி, எந்த நிலையில் பொய்யாகும் என்று சொல்ல முடிந்த கூற்றே அறிவியல் கூற்று. ஒரு கணினி பாதுகாப்பற்றது என்பதை அதை உடைத்துக் காட்டி நிறுவலாம். பாதுகாப்பானது என்பதை நிறுவும் சோதனை எதுவுமில்லை, ஏனெனில் நாளை எவரும் உடைக்கமாட்டார்கள் என்று இன்று காட்ட இயலாது. ஆகையால், இன்னதைச் செய்யாவிட்டால் பாதுகாப்பு இல்லை என்ற கூற்றையும் எந்த நிகழ்வாலும் பொய்யாக்க முடிவதில்லை. விதியை மீறிய ஒருவர் களவுக்கு ஆளானால் விதி மெய்யாகிறது. ஆளாகாவிட்டால், இன்னும் ஆளாகவில்லை என்று மட்டுமே சொல்லப்படுகிறது. விதியைக் காத்தவர் களவுக்கு ஆளானாலோ, காத்தது போதவில்லை, கூடுதலாக வேறொரு விதி தேவை என்ற முடிவு எட்டப்படுகிறது. தாயத்துக் கட்டியவர் நோயின்றி இருந்தால் தாயத்தால் என்பதும், நோயுற்றால் கட்டிய நேரம் சரியில்லை என்பதும் இதே வகை வாதம். இவ்வமைப்பில் விதிகள் கூடிக்கொண்டே போகும்; எந்த விதியையும் விலக்குவதற்கு வழியே இல்லை. பாதுகாப்பு நூல்கள் கணிதக் குறியீடுகளால் நிறைந்திருப்பதைக் கொண்டு மட்டும் அவற்றின் அறிவுரைகள் அனைத்தும் அறிவியல் என்று கொள்ளலாகாது.

விலக்கப்படாத விதிகளுக்குச் செலவும் உண்டு என்பதைத் துறை நெடுங்காலம் கணக்கில் எடுக்கவில்லை. 1999இல் ஆன் ஆடம்சும் ஏஞ்சலா சாசேயும், பயனர்களைப் பகைவராகக் கருதும் போக்கைக் கண்டித்து, ஒருவருடைய வேலைக்கும் நினைவாற்றலுக்கும் பொருந்தாத விதிகளே அவரை மீறத் தூண்டுகின்றன என்று எழுதினர். 2009இல் ஹெர்லி அச்செலவுக்குப் பண மதிப்பையே இட்டார். அமெரிக்காவின் இணையப் பயனர்களை 18 கோடி என்று கொண்டு, அவர்களின் நேரத்தைக் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்காக மதிப்பிட்டால், எல்லோரிடமிருந்தும் நாளொன்றுக்கு ஒரு நிமிடத்தை எடுத்துக்கொள்ளும் அறிவுரையின் ஆண்டுச் செலவு 1,590 கோடி டாலர். போலி மின்னஞ்சல் மோசடியால் பயனர்களுக்கு நேர்ந்த ஆண்டு இழப்பாக அவரும் அவருடைய சக ஆய்வாளரும் மதிப்பிட்டது ஏறத்தாழ 6 கோடி டாலர்தான். இவ்வெண்களின் நுட்பத்தைப் பற்றி வாதிடலாம். ஆனால் மக்களின் நேரத்துக்கு விலையே இல்லை என்ற எண்ணத்தோடு அறிவுரை எழுதக் கூடாது என்ற அவருடைய வாதத்தை மறுப்பது கடினம்.

ஐயப்படுதல் என்பது எல்லாவற்றையும் தள்ளிவிடுவதன்று. சோதித்து நிலைத்தவை பல உள்ளன. ஒரே கடவுச்சொல்லைப் பல இடங்களில் பயன்படுத்துவது உண்மையாகவே ஆபத்தானது. ஓரிடத்தில் களவாடப்பட்ட பட்டியலை மற்ற இடங்களில் தானாக முயன்று பார்க்கும் தாக்குதல்கள் நாள்தோறும் நிகழ்கின்றன. களவில் ஏற்கெனவே வெளியான கடவுச்சொற்களை ஏற்க மறுப்பதும், தவறான முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு வைப்பதும், உப்புக் கலந்து மெதுவாகக் கணிக்கும் சார்பின் வழியே சேமிப்பதும், இரண்டாவது சான்று ஒன்றைக் கேட்பதும் பயன் தருகின்றன. இவற்றுள் பெரும்பாலானவை நிறுவனங்கள் செய்ய வேண்டியவை என்பதைக் கவனிக்க வேண்டும். இணையவழி ஊகத்தைத் தாங்க ஒரு கடவுச்சொல் பத்து இலட்சம் முயற்சிகளைத் தாங்கினால் போதும், கோப்பே களவுபோன பின்னரோ ஒரு கோடி கோடி முயற்சிகளைக்கூடத் தாங்க வேண்டியிருக்கலாம் என்று ஃப்ளோரென்சியோ, ஹெர்லி, வான் ஊர்ஷாட் ஆகியோர் 2014இல் காட்டினர். இவ்விரண்டுக்கும் இடையில் விழும் வலுவால் பயனருக்கு ஏறக்குறைய எப்பயனும் இல்லை. கலவை விதிகள் மக்களைப் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான் கொண்டுபோய் நிறுத்தின. அதைத் தாண்ட விரும்புவோருக்கு ஆர்னால்ட் ரைன்ஹோல்ட் 1995இல் வகுத்த டைஸ்வேர் முறை உதவும்: 7,776 எளிய சொற்களின் பட்டியலிலிருந்து, பகடையை ஐந்து முறை உருட்டி ஒரு சொல் என்ற கணக்கில் ஆறு சொற்கள். தெரிவு செய்வது மனமன்று, பகடை என்பதே அதன் வலுவுக்குக் காரணம்.

2017இல் அமெரிக்கத் தரநிலை நிறுவனம் தன் வழிகாட்டியைத் திருத்தி, கலவை விதிகளையும் காலமுறை மாற்றத்தையும் கட்டாயப்படுத்துவது பொருந்தாது என்று அறிவுறுத்தியது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் விண்டோஸ் பாதுகாப்பு அடிப்படை அமைப்புகளிலிருந்து கடவுச்சொல் காலாவதியை நீக்கியது. தரநிலை நிறுவனத்தின் வழிகாட்டியில் 2025இல் வெளியான நான்காம் பதிப்பில் அந்த அறிவுறுத்தல் தடையாகவே மாறியது: கலவையைக் கட்டாயமாக்கக் கூடாது, களவு நடந்ததற்குச் சான்று இருந்தாலொழிய மாற்றச் சொல்லக் கூடாது, கடவுச்சொல் மட்டுமே சான்றாக உள்ள இடத்தில் அது 15 எழுத்துகளுக்குக் குறையக் கூடாது. இம்மாற்றங்களுக்குப் பின்னும் பழைய விதிகளைக் கைவிடாத நிறுவனங்கள் பல உள்ளன. அத்தகைய இடங்களில் பணிபுரிவோர், அவ்விதி எந்த ஆய்வின் அடிப்படையில் வைக்கப்பட்டிருக்கிறது என்று பொறுப்பாளர்களிடம் எழுத்து மூலமாகக் கேட்க வேண்டும்.